சாவி என்னிடம் இருந்தது

ஆலங்குளம் என்றால் எல்லோருக்கும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை வட்டத்தில் இருக்கிற ஆலங்குளம். சிமெண்ட் ஆலை ஆலங்குளம் என்று சொன்னால் பஸ் கண்டக்டருக்குப் புரியும். 1970இல் அந்த ஆலை ஓட ஆரம்பித்தபோது என் அப்பாவுக்கு அதில் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. ஆலையில் இடம் இல்லாதவனுக்கு எங்கள் பக்கம் இருந்த இன்னொரு வழி காலை 6 மணி வேன். அது பட்டாசுக்குப் போகும். 22 வருஷம் அந்த வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். பயர் ஆபீஸில் நான் கணக்கப்பிள்ளை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் பயர் ஆபீஸ் என்றுதான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை நான் வேறு ஆள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதப்புத்தகம். ஐயர், அதாவது எங்கள் போதகர், சேகரத்துச் சபைகளை முறை வைத்துச் சுற்றி வருகிறவர். அதனால் மாதத்தில் 2 ஞாயிறாவது பிரசங்கம் என் தலையில் விழும். விழும் என்பது பணிவுக்காகச் சொன்ன வார்த்தை. உள்ளபடி அதற்காகக் காத்துக் கிடப்பேன். எனக்குப் பேச வரும். கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "இன்னைக்குச் செய்தி அருமை அண்ணாச்சி" என்று 2 பேராவது கையைப் பிடிப்பார்கள். மறு ஞாயிறு வரைக்கும் அது தாங்கும்.

எதை எடுத்துப் பேசினாலும் நான் வந்து சேருகிற இடம் 2 உண்டு. மனுஷனுக்குக் கடவுள் கொடுத்த சுயாதீன சித்தம் ஒன்று. விசுவாசிக்கிறவனுக்கு அவர் வாக்குக் கொடுத்த நித்திய ஜீவன் மற்றது. முன்னதைப் பற்றி எராஸ்மஸ் 1524இல் ஒரு புத்தகம் போட்டதும், மனுஷ சித்தம் அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்று லூத்தர் மறு வருஷமே அதற்குப் பதில் புத்தகம் போட்டதும் எனக்கு மனப்பாடம். திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடம் அதை எடுத்துவிடுவேன். அதுகளுக்கு ஒன்றும் புரியாது. எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த 2 வார்த்தைகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையனை நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பையனுடைய பெயரை எழுதவில்லை. எழுதலாமா என்று அவன் மனைவியிடம் கேட்கவில்லை.

அவன் எங்கள் சபைக்கு வந்தது 2003இல். கிறிஸ்மஸுக்கு நாங்கள் கீத பவனி போகும்போது கூடவே வந்து, பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு நடந்த பையன். வீட்டில் அய்யனார் கும்பிடுகிற குடும்பம். யாரோ கொடுத்த யோவான் சுவிசேஷத்தை வேனில் போகும்போது படிப்பான். எங்கள் ஆபீஸில்தான் வேலை. 20 வயது. ஒருநாள் என் மேசைக்கு முன்னால் வந்து, "அண்ணாச்சி, எனக்கு ஞானஸ்நானம் வேணும். யார்ட்டக் கேக்கணும்?" என்றான்.

அப்போது காலம் சரியில்லை. 2002 அக்டோபரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு அவசரச் சட்டமாகக் கொண்டுவந்திருந்தது. பலவந்தம், ஆசைகாட்டல், ஏமாற்று இவற்றில் எதனாலாவது ஒருவரை மதம் மாற்றினால் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். பெண்களோ, சிறுவர்களோ, தாழ்த்தப்பட்டவர்களோ என்றால் தண்டனை இன்னும் கூடுதல். மாற்றிவைப்பவர் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓர் இடம்கூட இல்லாமல் தோற்ற பிறகுதான் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எங்களுக்கெல்லாம் வயிற்றில் புளி.

ஆகவே அவனை 3 தடவை கேட்டோம். ஐயர் கேட்டார், கமிட்டியில் கேட்டோம், கடைசியில் நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா? காசு, வேலை, பொண்ணு ஏதாவது தருவதாகச் சொன்னார்களா? வேண்டாம் என்று தோன்றினால் இந்த நிமிஷம்கூடத் திரும்பிப் போகலாம், தெரியுமா? அவன் சிரித்தான். "நானா வந்தேன் அண்ணாச்சி." என் சொந்த விருப்பத்தின்படி என்று அவனையே ஒரு வெள்ளைத் தாளில் எழுதச் சொல்லி, கீழே சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். நீலப் பேனா. அவன் எழுத்து கோணல் மாணலாக இருக்கும். 'சொந்த' என்பதில் ஒற்றை விட்டுவிட்டு, பிறகு மேலே சொருகியிருந்தான்.

ஞானஸ்நானத்தன்று அவன் அம்மா கோயிலுக்குள் வரவில்லை, காம்பவுண்டு வாசலில் நின்றுகொண்டாள். தலையில் தண்ணீர் சொட்ட வெளியே வந்தவனை அவளாகவே இழுத்து முந்தானையால் துவட்டிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காட்சியை நான் குறைந்தது 10 பிரசங்கத்தில் உபயோகித்திருக்கிறேன்.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. மனைவிக்குப் பிரசவம் வந்தபோது ஆபீஸில் 15,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினான். எங்கள் தொழிலில் அட்வான்ஸ் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். கடன் மாதிரிதான், ஆனால் பணமாகத் திருப்பிக் கேட்க மாட்டோம். வேறு ஆபீஸுக்குப் போகிறேன் என்று ஆள் சொன்னால் மட்டும் கேட்போம். சீசனுக்குச் சீசன் கொஞ்சம் கழியும், தீபாவளி, கோயில் கொடை, சடங்கு என்று மறுபடி ஏறும். பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். அந்தப் பேரேடு என் கையில். அட்வான்ஸ் நிற்கிற ஆள் அதிகம் பேச மாட்டான். அது எனக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அட்வான்ஸ் கொடுப்பதே அதற்குத்தானே.

அட்வான்ஸ் வாங்கிய பிறகு அவனை வெடிமருந்து கலக்கிற மருந்து ரூமுக்கு மாற்றினோம். கூலி கூட. மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை.

மருந்து ரூம் வேலைக்கு எழுதின விதிகள் உண்டு, எழுதாத விதிகளும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் கலந்து முடித்துவிட வேண்டும். செருப்புக் கூடாது, நைலான் சட்டை கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இன்றைக்குக் கலந்த மருந்தை நாளைக்கு வைக்கக் கூடாது. மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். அலுமினியப் பவுடரும் பச்சை உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள்ளேயே சூடாகும். பேரியம் நைட்ரேட்டுக்குத்தான் எங்கள் பக்கம் பச்சை உப்பு என்று பெயர். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொட்டால் மட்டும் லேசாக வெதுவெதுப்பு இருக்கும்.

அது புரட்டாசி மாதம். தீபாவளிக்கு ஆர்டர் நெருக்கிக்கொண்டு நின்றது. முதல் நாள் சாயங்காலம் திடீரென்று மழை பிடித்ததால், கலந்த மருந்தைச் செலுத்தி முடிக்காமலே பெண்களை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டோம். மறுநாள் போர்மேன் வரவில்லை, சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குப் போய்விட்டார். போர்மேன் இல்லாத நாளில் மருந்து ரூமைத் திறக்கக் கூடாது. சாவி என்னிடம் இருந்தது.

காலை 7 மணிக்கு அவன் வந்து சாவி கேட்டான். வாங்கிக்கொண்டு போனவன் 5 நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"அண்ணாச்சி, நேத்து மருந்து மூலைல கெடக்கு. நமுத்த மாதிரி இருக்கு. கொட்டிரவா?"

"எவ்வளவு இருக்கும்?"

"நாலஞ்சு கிலோ இருக்கும்."

நான் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 5 கிலோவை அழித்தால் ஸ்டாக்கில் இடிக்கும், முதலாளி கேட்பார், போர்மேன் இல்லாமல் ஏன் திறந்தாய் என்பதில் போய் முடியும். இவ்வளவும் என் தலைக்குள் ஓடியதற்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. "புதுசோட கொஞ்சங் கொஞ்சமாச் சேத்துரு" என்றேன்.

அவன் போகவில்லை, நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். அவனைச் சொல்லவிடாமல் நான் முந்திக்கொண்டேன்.

"ஜெபம் பண்ணிட்டு ஆரம்பி. ஒண்ணும் ஆகாது."

அதைச் சொன்னது கணக்கப்பிள்ளை இல்லை. அவனுக்கு வேதம் சொல்லிக் கொடுத்த அண்ணாச்சி சொன்னான். கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தால் ஒருவேளை தட்டியிருப்பான். அவன் வேப்ப மரத்துக்குக் கீழே நின்று கண்ணை மூடினான். உதடு அசைந்தது. பிறகு ரூம் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான். கூட இருக்க வேண்டியவன் அப்போதுதான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருந்தான். அதனால் அவன் பிழைத்தான்.

சத்தத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அந்தச் சத்தம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சத்தம் வந்த திசையைப் பார்த்து, நம் வீட்டு ஆள் போகிற பக்கமா என்று கணக்குப் போடுவோம். ஒரு செருப்பு வேலிக்கருவையில் மாட்டிக் கிடந்தது. இன்னொன்று அகப்படவில்லை.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் 3 நாள் உயிர் இருந்தது. 2ஆம் நாள் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்கினார். நான் வராண்டாவில் நின்றேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. சாயங்காலம் ஆபீஸ் ஆள் ஒருவர் வந்து காதோடு சொன்னார்: "கை தவறிருச்சுன்னு சொல்லிட்டானாம் பையன்."

இதை எழுதும்போதுதான் எனக்குக் கை ஓடவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் துக்கம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. கீழே இறங்கிப் போய் டீ குடித்தேன். டீக்கு வடையும் வாங்கினேன். பசித்தது.

அவன் ஏன் அப்படிச் சொன்னான்? என்னைக் காப்பாற்றவா, பிள்ளைக்குக் கிடைக்கிற பணம் கெட்டுப்போகக் கூடாது என்றா, உண்மையிலேயே தன் கை தவறியது என்று நம்பினானா? எனக்குச் சாதகமான பதிலை நான் எடுத்துக்கொண்டேன். ஆபீஸ் சார்பில் எழுதின தாளில், மருந்து கலக்கும்போது உராய்வு என்று இருந்தது. அதற்கும் சாட்சி நான்தான். அதே நீலப் பேனா. பத்திரிகையிலும் அப்படியே வந்தது. எங்கள் பக்கத்து விபத்துச் செய்தி எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த உராய்வு இருக்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல். அவையெல்லாம் உலகத்துக்குத் தெரிந்த சாவுகள். நடுவில் ஒன்றும் இரண்டுமாகப் போகிறவர்களுக்கு உள்பக்கத்தில் 4 வரி, அந்த 4 வரிக்குள்ளும் ஓர் உராய்வு. உராய்வு ஏற்பட்டது என்று எழுதிவிட்டால் யார் எதை உராய்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கல்லறைத் தோட்டத்தில் ஐயர் ஆராதனை நடத்தினார். செய்தி சொல்ல என்னைக் கூப்பிட்டார், அவனை வளர்த்தவன் என்று. நான் மறுத்திருக்கலாம். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னால் போதும். மறுக்கவில்லை.

ராக்லண்ட் ஐயரின் கதையை எடுத்தேன். சிவகாசிப் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகளுக்கு அவர் கதை தெரியாமல் இருக்காது. தாமஸ் ராக்லண்ட், கேம்பிரிட்ஜில் 1841ஆம் வருஷத்துக் கணிதத் தேர்வில் 4ஆவதாக வந்தவர். மதராஸில் மிஷன் செயலாளராக மேசை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். நுரையீரல் கெட்ட பிறகும், 1854இல் ஃபென், மெடோஸ் என்ற 2 பேரோடு வடதிருநெல்வேலிக் கரிசல் காட்டுக்கு வந்து, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்தார். 43 வயது. நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணிதான் பலன் கொடுக்கும் என்று யோவான் சுவிசேஷத்தில் வருகிறதே, அதுதான் மிஷனெரியின் வழி என்று நம்பினவர்.

அந்தக் கோதுமை மணியை எடுத்து நான் இந்தப் பையன் பெட்டிமேல் வைத்தேன். இதே மண்ணில் இன்னொரு மணி விழுந்தது என்றேன். கர்த்தருடைய சித்தம் என்றேன். மண்ணுக்குரிய வேலையை விட்டு மகிமைக்குள் போய்விட்டான், நித்திய ஜீவனைப் பெற்றுக்கொண்டான் என்றேன். குரல் சரியான இடத்தில் உடைந்தது. ஜனம் அழுதது.

ராக்லண்ட் தெரிந்து வந்தவர். நுரையீரல் கெட்டிருக்கிறது என்று தெரிந்து, ஊருக்குத் திரும்பிப் போக வழி இருந்தும், போகாமல் நின்றவர். 2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் சி.எஸ்.ஐ. கோயிலிலும் அவரைப் பற்றிப் பேசினோம். அவரையும் விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தார்கள், பழைய மதத்துக்குத் திரும்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டுச் செத்தார். அவர்களுக்கெல்லாம் திறந்த கதவு ஒன்று இருந்தது. அந்தக் கதவு இருந்ததால்தான் அவர்கள் சாவுக்கு நாம் மரியாதை கொடுக்கிறோம். இந்தப் பையனுக்கு என்ன கதவு இருந்தது? "கொட்டிரவா?" என்று கேட்டதுதான் அவன் தட்டின கதவு. தட்டினபோது உள்ளே இருந்தவன் நான்.

மதம் மாற அவனுக்குச் சொந்த விருப்பம் இருக்கிறதா என்று 3 தடவை கேட்டு எழுதி வாங்கிய எங்களில் ஒருத்தரும், மருந்து ரூமுக்குப் போக மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு விருப்பம் உண்டா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பலவந்தம், ஆசைகாட்டல், ஏமாற்று. சட்டம் சொன்ன 3 வார்த்தையும் கோயிலில் இல்லை. ஆபீஸில், என் பேரேட்டில், அவன் பக்கத்தில் இருந்தன.

பெட்டியைத் திறக்கவில்லை. அவன் அம்மா முகத்தைக் காட்டச் சொல்லி முட்டினாள். நான்தான் போய்ப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

"அம்மா, அவன் இதுக்குள்ள இல்ல. பரலோகத்துல இருக்கான்."

"அப்ப இதுக்குள்ள யாருய்யா இருக்கா?" என்றாள்.

நான் கோயிலில் பதில் சொல்லிப் பழகின ஆள். அதற்குப் பதில் வரவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

2 மாதம் கழித்து அவன் மனைவி கைப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். "நீங்க சொன்னதெல்லாம் சரிதான் அண்ணாச்சி. இவனுக்குப் பால் வாங்கணும்" என்றாள். அதே ஆபீஸில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டேன். அதை நான் செய்த தர்மம் என்று ஊரில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

இன்னொன்று இருக்கிறது. இழப்பீடு என்று முதலாளி கொடுத்த தொகையில் 15,000 அட்வான்ஸைக் கழித்துக் கொடுத்தேன். முதலாளி கழிக்கச் சொல்லவில்லை. அவர் அதை மறந்தே போயிருப்பார். பக்கத்தை நேர் செய்ய வேண்டும் என்று நானாகக் கழித்தேன். சிவப்பு மையில் கோடு போட்டு, கணக்கு முடிந்தது என்று எழுதினேன். என் சொந்த விருப்பத்தின்படி.

பைபிளில் நித்திய ஜீவன் என்று நாங்கள் படிப்பதை 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் நிலைவாழ்வு என்று போட்டிருக்கிறார்கள். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. காதுக்குப் பழகின வார்த்தை போய்விட்டதே என்று இருந்தது. பிறகு யோசித்தால், ஜீவன் என்று சொல்லும்போது எனக்கு மூச்சுதான் ஞாபகம் வந்தது. மூச்சு நின்றதும் மேலே போய்த் தொடர்கிற ஒன்று. வாழ்வு என்றால் அதற்குள் பாலும் கூலியும் கூரையும் வந்துவிடும். ஜீவனம் என்கிற வார்த்தையிலும் அது இருக்கத்தான் செய்தது. நான் அந்தப் பக்கம் காதைக் கொடுக்கவில்லை.

என் வேதப்புத்தகத்தில் நித்திய ஜீவன் வருகிற இடமெல்லாம் சிவப்புப் பென்சில் கோடு இருக்கும். போன வருஷம் உபாகமம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் தற்செயலாகக் கண் நின்றது. புதுவீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டு, இல்லாவிட்டால் ஒருத்தன் விழுந்து செத்தால் ரத்தப்பழி உன் வீட்டின்மேல் என்கிறது. விழுந்தவன் சித்தத்தைப் பற்றியோ கடவுள் சித்தத்தைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. கட்டினவனைத்தான் பார்த்துப் பேசுகிறது. 40 வருஷமாகப் படிக்கிற புத்தகம், அந்த வசனத்தில் ஒரு கோடு இல்லை. லூக்கா 13இல் சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசு பேசுகிறார், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று. எங்கள் ஊருக்கென்றே எழுதின மாதிரி ஒரு பகுதி. அதை எடுத்து நான் ஒரு நாளும் பிரசங்கம் பண்ணியதில்லை.

மனசாட்சி உறுத்தி நான் அந்த வேலையை விட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குப் பிறகும் சுமார் 10 வருஷம் அதே மேசைதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பச்சை உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டதில் எங்கள் ஆபீஸ் படுத்துவிட்டது. நானும் வீட்டுக்கு வந்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பாவ அறிக்கை சொல்கிறோம். எல்லோரும் சேர்ந்து, நாங்கள் நாங்கள் என்று. 200 பேர் நாங்கள் என்று சொல்கிற இடத்தில் ஒருவன் சுகமாக ஒளிந்துகொள்ளலாம். நான் அத்தனை வருஷமும் அங்கேதான் இருந்தேன்.

இப்போது எழுத வைத்தது அவன் மகன். கைப்பிள்ளையாக வந்தவனுக்கு 17 வயது. திடப்படுத்தல் வகுப்புக்கு வருகிறான். அப்பனை மாதிரியே கடைசி பெஞ்சு. நான் வழக்கம்போல எராஸ்மஸ், லூத்தர் என்று ஆரம்பித்தேன். முடித்ததும் எழுந்து நின்றான்.

"தாத்தா, எங்கப்பா செத்தது கர்த்தரோட சித்தமா, அப்பாவோட சித்தமா?"

குறும்பு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் கேட்டதில் 2 சித்தம் இருந்தது. 3ஆவது ஒன்று உண்டு என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சொல்லி, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன். மறுபடியும் ஜெபம்.

இவ்வளவுக்குப் பிறகு நித்திய ஜீவனை நம்புகிறாயா என்று யாராவது கேட்கலாம். நம்புகிறேன். முன்பைவிட நிச்சயமாக நம்புகிறேன். அதனால்தான் ராத்திரி தூக்கம் வருவதில்லை. செத்தால் எல்லாம் முடிந்தது என்றால் எனக்கு வசதி. அவன் அங்கே இருக்கிறான் என்றால், ஒருநாள் நான் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் அப்போதும் "கை தவறிருச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவானோ என்றுதான் பயம்.

இதை எழுதி 4 பிரதி எடுத்தேன். ஒன்றை ஐயரிடம் கொடுத்து, பிரசங்க முறையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். சபை முன்னால் வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். ஒன்று அப்போதைய முதலாளிக்கு, ஒன்று அந்தப் பிள்ளைக்கு. முதல் பிரதி அவன் மனைவிக்கு. 15,000 ரூபாயைத் தனி உறையில் போட்டு அதோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். அவள் வீடு எங்கள் தெருவிலிருந்து 2ஆவது தெரு. நேற்று அவள் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே குழாய் உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.